உட்காராத பயணி

ஸ்ரீரங்கத்திலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் காலை பஸ்ஸில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. சீட் காலியாக இருந்தாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுதான் வருவார். ஒல்லியான உடம்பு, இஸ்திரி கலையாத சட்டை. உட்கார்ந்தால் முதுகுத்தண்டில் வலி உயிர்போகும் என்று கண்டக்டர்தான் எனக்குச் சொன்னார். காவிரிப் பாலத்தில் பஸ் குலுங்கும்போது மட்டும் அவர் கண்ணை மூடிக்கொள்வார்.

அறிமுகமான பிறகு, ஏறியதும் "வலி எப்படி இருக்குங்க?" என்று கேட்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. தலையை மட்டும் ஆட்டுவார். ஒருநாள் திருவானைக்காவல் தாண்டியதும் வாய் திறந்தார்.

"மார்ஃபின் மாத்திரை சாப்பிடறேங்க. ஆரம்பத்துல ஒண்ணு போட்டா சாயங்காலம் வரைக்கும் தாங்கும். இப்ப டாக்டர் கூட்டிக் குடுத்தும் மத்தியானத்தைத் தாண்டலை. உடம்புக்கு மருந்து பழகிடுச்சு. வலிதான் பழகலை."

"வீட்டுல பாத்துக்கறாங்களா?"

"பாத்துக்கறாங்க. ஆனா நான் முனகறது அவங்களுக்கும் பழகிடுச்சு."

இறங்கும் முன் என் பக்கம் திரும்பினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. தினமும் கேக்காதீங்க. எப்பவாவது கேளுங்க. நீங்க கேக்கறதும் பழகிப்போச்சுன்னா அப்புறம் எனக்குன்னு ஒண்ணும் இருக்காது."

அதிலிருந்து, எந்த நாளில் கேட்பது என்று தெரியாமல், நான் கேட்பதே இல்லை. என்ன கணக்கு இது என்று எரிச்சல்கூட வந்திருக்கிறது. இன்று பாலத்தின் மேல் பஸ் குலுங்கியபோது அவர் கண்ணை மூடவில்லை, என்னையே பார்த்தார். கேட்க வேண்டிய நாள் இதுதானோ என்று நான் யோசித்து முடிப்பதற்குள் சத்திரம் வந்துவிட்டது.