தொள்ளாயிரம் கிலோ வரைதான் இழுக்கும்

எங்கள் வண்டியைப் பார்க்கிறவர்கள் முதலில் சிரிப்பார்கள், பிறகுதான் கேள்வி கேட்பார்கள். லோரியும் இல்லை, காரும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் நிற்கிற ஒரு குட்டி பிக்கப். பாதி பெட்ரோலில் ஓடும், பாதி மின்சாரத்தில் ஓடும். எனக்குப் பிரிக்பீல்ட்ஸில் பூக்கடை. அங்கே பெரிய பிக்கப்பை நிறுத்த இடம் தேடிப் போனால், கடைக்குத் திரும்புவதற்குள் மல்லிகை வாடிவிடும். அதனால் நான்தான் பிடிவாதம் பிடித்து இதை வாங்கினேன். வாங்கிய வாரம் எனக்குக் கால் தரையில் படவில்லை. பட்டனை அழுத்தினால் சத்தமே வராது, கிளம்பினாலும் வராது. என் கணவர் அழுத்தி, சத்தம் வரவில்லையே என்று மறுபடி அழுத்தி அணைத்துவிட்டு, "ஸ்டார்ட்டே ஆகலியே, ஏமாத்திட்டானுங்களா?" என்றார். அவரைப் பக்கத்து சீட்டுக்கு அனுப்பிவிட்டு நானே ஓட்டினேன். இன்றுவரை நான்தான் ஓட்டுகிறேன்.

அந்தக் கோபத்தில் மனிதர் வண்டியோடு வந்த புத்தகத்தைக் கையில் எடுத்தார். ரயில்வேயில் சிக்னல் பார்த்து ஓய்வு பெற்றவர், விதி என்று எதையாவது அச்சடித்துக் கொடுத்தால் போதும், சோறு தண்ணி வேண்டாம். அதில்தான் அந்தக் கணக்கைக் கண்டுபிடித்தார். இந்த வண்டி பின்னால் கட்டி இழுக்கக்கூடிய கனம் தொள்ளாயிரம் கிலோ. மேலே ஏற்றுகிற கனத்துக்கு வேறு கணக்கு. இரண்டையும் போட்டுக் குழப்பக் கூடாது. தோசைக்குச் சட்னி ஊற்றும்போது சொன்னார், படுக்கும்போது சொன்னார், கடைக்கு மாலை வாங்க வந்த கல்யாண வீட்டுக்காரரிடமும் சொன்னார். "உங்க ஆளு என்னக்கா, எடைக்கல்லை முழுங்கிட்டாரா?" என்று அந்த மனிதர் என்னைக் கேட்டுவிட்டுப் போனார்.

எதையுமே இழுக்காத வண்டிக்கு எதற்கு இவ்வளவு கணக்கு என்று நானும் கேலி செய்துகொண்டிருந்தேன். பிறகு என் தங்கை ட்ரெய்லர் வாங்கினாள்.

அவள் கிள்ளானில் இருக்கிறாள். பத்தொன்பது வருஷம் எலக்ட்ரானிக் தொழிற்சாலையில் வேலை பார்த்தவள். ஒரு வெள்ளிக்கிழமை ஆலையை மூடிவிட்டார்கள். அதற்குப் பிறகு ஒரு வருஷம் அவள் வீட்டிலேயே கிடந்தாள். யாராவது "இப்ப என்ன செய்யறீங்க?" என்று கேட்டுவிடுவார்களோ என்று கல்யாணம் காதுகுத்து எதற்கும் வருவதில்லை. நான் போன் செய்தால், "சும்மாதான்க்கா இருக்கேன்" என்பாள். அந்தச் 'சும்மா'வைக் கேட்டால் எனக்கு வயிறு எரியும். அப்படிப்பட்டவள் ஒருநாள் தானாகவே கூப்பிட்டு, பாசார் மாலாமில், அதாவது வாரம் ஒருநாள் கூடுகிற சாயங்காலச் சந்தையில், தோசை போடப் போவதாகச் சொன்னாள். பெயர் கொடுத்து மாதக்கணக்காகக் காத்திருந்து இடம் கிடைத்திருந்தது. ஒரே நிபந்தனை, முதல் நாள் மூன்று மணிக்குள் வண்டியோடு வந்து நிற்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த இடம் வரிசையில் அடுத்து நிற்பவருக்குப் போய்விடும்.

கடைக்கான ட்ரெய்லரைச் செய்தவர் பந்திங் ஊரில் இருந்தார். அங்கிருந்து கிள்ளானுக்கு அதை இழுத்து வரும் பொறுப்பு எங்கள் குட்டி வண்டிக்கு. என் கணவருக்கு முகமெல்லாம் பல். முந்தின நாளே பூக்கட்டும் பேப்பரின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுவிட்டார். வெறும் ட்ரெய்லர் எழுநூற்று இருபது, அடுப்பும் தோசைக்கல்லும் கேஸும் நாற்காலிகளும் நூற்றுப் பத்து. அரிசி, உளுந்து, கிரைண்டர் எல்லாம் பிக்கப்பின் முதுகில். "எழுபது கிலோ இன்னும் மிச்சம் இருக்கு," என்று பெருமையாகச் சொன்னார்.

நாங்கள் பந்திங் போய்ச் சேர்ந்தபோது தங்கை எங்களுக்கு முன்பே வந்து நின்றாள். புதுப் புடவை. ட்ரெய்லருக்குச் சந்தனம், குங்குமம், சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம். நான் கடையிலிருந்து கொண்டுபோன சாமந்தி மாலையைப் போட்டோம். என் கணவர் கொக்கியை மாட்டி, சங்கிலியை மாட்டி, விளக்கு வயரை மாட்டி, புத்தகத்தைப் பார்த்து எல்லாவற்றையும் மறுபடி சரிபார்த்தார். தேங்காயை உடைத்துவிட்டு ஒன்றரை மணிக்குக் கிளம்பினோம்.

ஊருக்குள் ஓடும்வரை வண்டி ராஜாதான். பின்னால் தோசைக்கடை, முன்னால் நான். வழியில் மோட்டார்சைக்கிளில் போனவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள், நானும் வெட்கமில்லாமல் கையைக் காட்டினேன். நேர்ச்சாலைக்கு வந்து கொஞ்சம் வேகம் பிடித்ததும் ட்ரெய்லர் ஆட ஆரம்பித்தது. முதலில் லேசாக, பிறகு மாட்டு வால் மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். கண்ணாடியில் பார்த்தால் என் சாமந்தி மாலை எதிர்த் தடத்துக்குப் போய்ப் போய் வந்தது. என் கால் தானாகப் பிரேக்குக்குப் போனது.

"பிரேக் போடாதே, காலை எடு, காலை மட்டும் எடு," என்றார் கணவர். புத்தகத்தில் அதுவும் இருந்ததாம். காலை எடுத்தேன். வண்டி மெல்ல அடங்கி, கேரி தீவுக்குத் திரும்பும் சந்திப்புக்குக் கொஞ்சம் முன்னால், ஓர் இளநீர்க் கடை ஓரமாக நின்றது. மணி இரண்டேகால்.

அவர் இறங்கிப் போய் ட்ரெய்லரின் பின்புறத்தில் கையால் தட்டினார். தண்ணீர்த் தொட்டி அங்கேதான் இருந்தது. தட்டிய சத்தம் அடைத்துப்போய் வந்தது. மூடியைத் திறந்தார். விளிம்பு வரை தண்ணீர். இருநூறு லிட்டர்.

"இதை யாரும்மா ரொப்புனது?" என்றார்.

தங்கை பின் சீட்டிலிருந்து இறங்கவில்லை. "நான்தான் அத்தான். நீங்க வர்றதுக்கு முன்ன ரொப்புனேன்."

"எதுக்கு? தண்ணி அங்கயே கிடைக்குமே."

"தொழிலுக்கு மொத மொத போற வண்டி. காலித் தொட்டியோட எப்படிப் போறது? நிறைகுடமாப் போகணும்ல."

என் கணவர் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். எங்கள் வீட்டில் புதுமனை புகுவதென்றால் நிறைகுடத்தோடுதான் உள்ளே போவோம், அது வழக்கம். ஆனால் குடம் எங்கே, இருநூறு லிட்டர் தொட்டி எங்கே. மொத்தம் ஆயிரத்து முப்பது கிலோ, அதிலும் கனம் முழுக்க வாலில் இருந்தால் வால் ஆடாமல் என்ன செய்யும். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்னடி? மூணு பேரும் இந்நேரம் கால்வாய்க்குள்ள கிடந்திருப்போம்," என்று கத்தினேன்.

"கொட்டணும்னா கொட்டுங்க," என்றாள். "ஒரு வருசமா எல்லாமே காலியாத்தான்க்கா இருக்கு. இன்னிக்கு ஒரு நாளு நெறஞ்சிருக்கட்டும்னு நெனச்சேன்." முகத்தைத் திருப்பிக்கொண்டாள். என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

என் கணவர் இளநீர்க் கடைக்குப் போய் ஒரு சொம்பு கேட்டு வாங்கிவந்தார். தொட்டியிலிருந்து அதை வழிய வழிய மொண்டு அவள் மடியில் வைத்தார். "நிறைகுடத்துக்கு இது போதும். இது உன் மடியில இருக்கு, அதனால ட்ரெய்லர் கணக்குல வராது, வண்டிக் கணக்குல வரும். மிச்சத்தைத் திறந்துவிடலாமா?" என்று அனுமதி கேட்டார். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்துவிட்டாள்.

திறந்துவிட்டோம். ஆனால் அந்தக் குழாய் வாய் விரல் தடிமன்தான், தண்ணீர் அசைந்து ஆடித்தான் இறங்கியது. மணி ஓடிக்கொண்டிருந்தது. நான் கையில் கிடைத்த பாத்திரத்தையெல்லாம் எடுத்து மேலிருந்து மொண்டு ஊற்றினேன், தோசை மாவு வாளி உட்பட. அந்தக் கூத்தைப் பார்த்து எஸ்டேட்டிலிருந்து சேறும் சகதியுமாக வந்த இரண்டு பேர் மோட்டார்சைக்கிளை நிறுத்தி, "அக்கா, கழுவிக்கலாமா?" என்றார்கள். கழுவினார்கள். லோரிக்காரர் ஒருவர் கேனோடு வந்தார். இளநீர்க் கடைக்காரர் தன் செடிகளுக்கு ஊற்றிக்கொண்டார். என் தங்கை சொம்பை இடது கையில் பத்திரமாகப் பிடித்துக்கொண்டு, வலது கையால் எல்லாருக்கும் மொண்டு கொடுத்தாள். புடவை முழங்கால் வரை நனைந்துவிட்டது. நாங்கள் மூவரும் எதற்கென்றே தெரியாமல் சிரித்துக்கொண்டிருந்தோம், சிரிப்பை நிறுத்தினால் மணியைப் பார்க்க வேண்டியிருக்குமே என்ற பயத்தில் மேலும் சிரித்தோம்.

தொட்டி காய்ந்தபோது இரண்டு நாற்பது. அதற்குப் பிறகு ட்ரெய்லர் பூனைக்குட்டி மாதிரி பின்னால் வந்தது. சொம்பில் ஒரு சொட்டுச் சிந்தாமல் அவள் வருவதை மட்டும் கண்ணாடியில் பார்த்துக்கொண்டேன்.

சந்தைக்குள் திரும்பியபோது மூன்று மணி ஏழு நிமிஷம். எங்களுக்குக் கொடுத்த கட்டத்தில் ஓர் இளம் மலாய் அதிகாரி போனைக் காதில் வைத்து நின்றார். அடுத்த ஆளைக் கூப்பிடுகிறார் என்று பார்த்தாலே தெரிந்தது. தங்கை ஓடினாள், நனைந்த புடவையும் கையில் சொம்புமாக. நானும் பின்னாலேயே ஓடினேன். அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். ஏன் தாமதம் என்று மலாயில் கேட்டார். அவள் தனக்குத் தெரிந்த மலாயில் எல்லாவற்றையும் கொட்டினாள்: தொட்டி, நிறைகுடம், வால், அத்தான், எஸ்டேட்காரர்கள். அவருக்குப் பாதி புரிந்திருந்தால் அதிகம். தண்ணீர் இல்லாமல் கடை எப்படி என்று கேட்டார். அவள் சொம்பை நீட்டிக் காட்டினாள்.

அந்த மனிதர் சிரித்தார். சிரித்து, போனை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டு, பக்கத்துக் கரும்புச்சாறுக் கடைக்காரரிடம் தண்ணீர்க் குழாயை நீட்டச் சொன்னார். பிறகு ஒரு விண்ணப்பப் பாரத்தை அவளிடம் கொடுத்தார். பெயர், அடையாள அட்டை, முகவரி எல்லாம் மளமளவென்று எழுதியவள் ஓர் இடத்தில் நின்றுவிட்டாள். தொழில் என்று கேட்டிருந்தது.

"அக்கா, இதுல என்ன எழுத?"

நான் சொல்ல வாயெடுப்பதற்குள் அதிகாரி பாரத்தை எட்டிப் பார்த்து, பின்னால் வழியை அடைத்து நின்ற எங்கள் வண்டியைக் காட்டி, முதலாளிகளைக் கூப்பிடுகிற மாதிரி அவளைப் பார்த்து, "தவுக்கே, மாசோக் டாலாம் சிக்கிட்" என்றார். தவுக்கே என்றால் முதலாளி; வண்டியைக் கொஞ்சம் உள்ளே தள்ளி நிறுத்தச் சொல்கிறார். நான் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஓட்டுகிறவள் நான்தானே.

வண்டிக்குள் ஏறித் திரும்பிப் பார்த்தால், அவள் இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். சொம்பை என் கணவரிடம் கொடுத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, தொழில் என்ற இடத்தில் அந்தத் 'தவுக்கே'யைத்தான் ஒவ்வோர் எழுத்தாக எழுதிக்கொண்டிருந்தாள்.