முப்பத்தோராம் நாள் பூசை

சைவநெறிப் பாடத்துக்கு ரியூசன் வாத்தியார் நான். வெள்ளவத்தையில் ஒரு பிளாட்டின் மூன்றாம் மாடியில் பன்னிரண்டு வருசமாகச் சாதாரணதரச் சோதினை எழுதும் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். இறைவனுக்கு அருவம், உருவம், அருவுருவம் என்று மூன்று நிலை. வடிவமே இல்லாதது ஒன்று, கண்ணும் முகமும் உள்ளது ஒன்று, இரண்டுக்கும் நடுவில் இலிங்கம். மூன்றையும் எழுதினால் முழுப் புள்ளி. பொய் சொல்லக்கூடாது, அதற்கு மேல் நானும் யோசித்ததில்லை.

மகள் ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள். என் இரண்டு கைக்குள் அடங்கிவிடுவாள், அவ்வளவுதான். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். நிறை ஏறினால் தப்புவாள் என்றார் டொக்டர். ஏறாவிட்டால் என்ன என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பயம்.

அந்த நேரம் பார்த்து எனக்குக் கோயிலும் இல்லை. பிள்ளை பிறந்த துடக்கு, அந்தத் தீட்டு, எங்கள் வழக்கத்தில் முப்பத்தொரு நாள். காலி வீதியில் பஸ் கோயிலைக் கடக்கும்போது முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொள்வேன். ஆஸ்பத்திரியில் படுத்திருந்த மனைவிக்கு இதைக் கேட்கக் கோபம் வந்தது.

"அருவமெண்டால் எல்லா இடமும் இருக்கிறவர் எண்டுதானே பிள்ளையளுக்குச் சொல்லிக் குடுக்கிறீங்கள்? பிறகு ஆருக்கு ஒளிச்சுத் திரியிறீங்கள்?"

"அது சோதினைக்கு" என்று வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஆனால் உண்மை அதுதான். எனக்கு உருவம் தேவைப்பட்டது. முகத்துக்கு நேரே நின்று, என் பிள்ளையைத் தா என்று கேட்கவேண்டும்.

முப்பத்தோராம் நாள் காலை ஐயர் வீட்டுக்கு வந்து தீர்த்தம் தெளித்தார். குளித்து, நெஞ்சு நிறையத் திருநீறு பூசிக்கொண்டு கோயிலுக்கு ஓடினேன். சேர்ட்டைக் கழற்றி இடுப்பில் கட்டி, திரைக்கு நேரே இடம் பிடித்துவிட்டேன். உள்ளே அலங்காரம் நடந்துகொண்டிருந்தது. அப்போது போன். மனைவி.

"இஞ்சருங்கோ, எனக்குக் காய்ச்சல். பிள்ளையை என்னட்டைத் தரமாட்டினமாம். ரெண்டு நாளா நிறை குறையுது. நெஞ்சோடை அணைச்சு வைச்சிருக்க ஆள் வேணுமாம். உடனே வாங்கோ."

திரை விலக ஐந்து நிமிடம்கூட இருந்திருக்காது. நான் நிற்கவில்லை.

ஆஸ்பத்திரி வாட்டில் நேர்ஸ் சிங்களத்தில் சேர்ட்டைக் கழற்றச் சொன்னாள். நெஞ்சைப் பார்த்துவிட்டு ஈரத்துணி ஒன்றை நீட்டினாள். திருநீறு பிள்ளையின் மூக்குக்குள் போய்விடுமாம். ஒரு சிட்டிகை நிலத்தில் சிந்தினாலே பிள்ளைகளை ஏசுகிற ஆள் நான். துணியை வாங்கித் துடைத்தேன். ஒரு துகளும் இருக்கக்கூடாது என்று திரும்பத் திரும்பத் துடைத்தேன். பிறகு கதிரையில் சாய்ந்தேன். மகளைக் கொண்டுவந்து வெறும் நெஞ்சில் வைத்தார்கள். இளஞ்சூடாக இருந்தாள். சாமியிடம் கேட்க வைத்திருந்த ஒன்றும் ஞாபகம் வரவில்லை. பின்னேரம்வரை அசையாமல் இருந்தேன், கால் விறைத்துப்போனது.

அடுத்த நாள் காலை பிள்ளையைத் தராசில் நிறுத்தார்கள். பதினைந்து கிராம் கூடியிருந்தாள். நான் தராசைப் பார்த்துக் கைகூப்பிக் கும்பிட்டேன். நேர்ஸ் சிரித்தாள். சிரிக்கட்டும்.