டிரஸ்ஸர் சாம்பசிவத்தின் சுத்தம்

மதுரையில் சாம்பசிவத்தைப் போல ஒரு சுத்தக்காரன் கிடையாது என்பார்கள். சொன்னவர்களில் ஒருவர்கூட அவனிடம் கட்டுப் போட்டுக்கொண்டவர் இல்லை. வடக்கு வெளி வீதிப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் அவன் புண்ணுக்குக் கட்டுப் போடும் டிரஸ்ஸர், நான் மருந்து கலக்கும் கம்பவுண்டர். ஆறு வருஷம் அந்த மூஞ்சியைச் சகித்தேன்.

ஆபரேஷன் புண்ணைத் தொடுமுன் சோப்புப் போட்டுக் கையைத் தேய்த்து, கார்பாலிக் தண்ணீரில் முக்கவேண்டும். ஒவ்வொரு நோயாளிக்கும் தனித்தனியாக. இது டாக்டரின் உத்தரவு. சாம்பசிவமோ தொட்ட பிறகுதான் கழுவுவான், அதுவும் ஆளைப் பார்த்து. சோழவந்தான் வெற்றிலைக் கொடிக்கால்காரர் நல்லகாமனுக்குக் கட்டு மாற்றினால் முழங்கைவரை தேய்ப்பான். தன் ஜாதிக்காரரைத் தொட்டால் வேட்டியில் துடைத்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவான். கிருமியும் ஜாதி பார்த்துத்தான் ஒட்டும் என்று அந்த மரமண்டை முடிவு கட்டியிருந்தது. சொல்லிப் பார்த்தேன்.

"முத்திருளா, ஆசாரம் நீ நேக்குச் சொல்லித் தரவேண்டாம்" என்றான்.

1936இல் அவன் மனைவி அகிலாண்டத்துக்கு வயிற்றில் கட்டி. ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது. சீழ் வைக்காமல் பத்து நாள் தாண்டினால் பிழைத்துக்கொள்வாள் என்றார் டாக்டர். கட்டு மாற்ற ஆயா ஒச்சாயியை நியமித்தார், அவள் டாக்டர் சொன்னபடி கழுவுகிறவள். மூன்று நாள் காய்ச்சலே இல்லை. நாலாம் நாள் சாம்பசிவம் ஒச்சாயியை விரட்டிவிட்டான். தன் மனைவியைத் தானே பார்த்துக்கொள்வானாம்.

பக்கத்து அறையில் அவனுடைய அக்காள் புருஷன், முதுகில் ராஜபிளவைக் கட்டியோடு குப்புறக் கிடந்தார். அந்தச் சீழைப் பிதுக்கித் துடைத்துவிட்டு நேரே அகிலாண்டத்தின் கட்டிலுக்கு வந்தான். நான் அகிலாண்டத்துக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"கையை அலம்பிண்டு வாங்கோளேன்" என்றாள் அவள், பயந்துகொண்டே.

"சாமி, கையில அம்புட்டும் சீழு. கழுவிட்டுத் தொடுங்க!" என்று நானும் கத்தினேன்.

"அத்திம்பேரைத்தானே தொட்டேன், கண்டவாளையா தொட்டேன்? எதுக்கு அலம்பணும்?" என்றபடியே கட்டை அவிழ்த்தான்.

இரண்டு நாளில் காய்ச்சல் கொளுத்தியது. தையல் ஓரமெல்லாம் சீழ். ஒன்பதாம் நாள் அகிலாண்டம் செத்துப்போனாள். விதி என்று சொல்லித் தலையில் அடித்துக்கொண்டு அழுதான் அந்த முட்டாள். எனக்கு இரக்கமே வரவில்லை.

ஆனால் என் மேலும் எனக்கு ஆத்திரம் தீரவில்லை. நானும் நல்லகாமன் ஜாதிதான். சாம்பசிவம் கட்டை அவிழ்க்குமுன் என் ஒரு விரல் அவன்மேல் பட்டிருந்தால் போதும், ஓடிப்போய்க் கழுவிவிட்டு வந்திருப்பான். வாய் கிழியக் கத்திய எனக்கு அது தோன்றவில்லை.