வெயிலில் இறங்கிய வேகம்

தரைநிலையத்தில் அவருக்கு ‘துப்பறியும் சார்’ என்று பெயர், முதுகுக்குப் பின்னால்தான். இருபது வருடமாகச் செயற்கைக்கோள் இணைப்புகளைக் கவனிக்கும் ஆபரேட்டர். வீட்டில் பால் திரிந்தால்கூட யார் கை வைத்தது என்று விசாரிக்கிற மனுஷர்.

அவர் பொறுப்பில் இருந்தது தீவு ஆஸ்பத்திரிகளின் இணைப்பு. சிக்னல் நன்றாக இருந்தால் அதே அலைவரிசைக்குள் மோடம் தகவலை நெருக்கி அடைத்து அனுப்பும். மழை பிடித்தால் தானே அளவைக் குறைத்து, பிழை திருத்தும் பிட்டுகளைக் கூட்டி, மெதுவாகவாவது ஓட்டும். யாரும் தொட வேண்டியதில்லை. ஆனால் பத்து நாளாக மதியம் மூன்று மணிக்கு வேகம் பாதாளத்துக்குப் போனது. வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது.

மதிய ஷிஃப்ட் அவருடைய மைத்துனனுக்கு. அவரே சிபாரிசு செய்து சேர்த்துவிட்டவன். பயல் அலைவரிசையில் ஒரு பங்கை வெளியே யாருக்கோ விற்கிறான் என்று முடிவு கட்டினார். அவன் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து அவன் பையைக் கிளறினார். ஒன்றும் இல்லை. அதுவே அவருக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது. நேராக மேனேஜரிடம் போய்ப் போட்டுக்கொடுத்தார்.

விசாரணை நாளன்று, சிக்னலில் குறையில்லை என்று நிரூபிக்க, மோடத்தைத் தானாக இறங்கவிடாமல் உச்ச வேகத்தில் பூட்டிவைத்தார். மூன்று மணிக்குச் சிக்னலே விழுந்து இணைப்பு அறுந்தது. கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் மைத்துனன் மேனேஜர் எதிரில் கைகட்டி உட்கார்ந்திருந்தான்.

பூட்டை எடுத்துவிட்டு டிஷ் இருக்கும் மொட்டைமாடிக்கு ஓடினார். மூன்று மணி மோட்டாரில் தண்ணீர்த் தொட்டி நிரம்பி, புதிதாகத் திருப்பி வைத்த வழிகுழாய் வழியே டிஷ்ஷின் சிக்னல் வாங்கும் முனையின் மூடிமேல் கொட்டிக்கொண்டிருந்தது. அந்த உயர் அதிர்வெண் அலைக்கு ஒரு படலம் தண்ணீரே போதும், மழை பெய்த மாதிரிதான். பத்து நாளாக ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்தவர், மாடிப்படி ஏறவில்லை.

இறங்கி வந்து மேனேஜரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். வெட்கம் பிடுங்கித் தின்றது. மேனேஜர் பையனை வேலையைப் பார்க்கச் சொன்னார். அவனோ அடையாள அட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தான்.

அவர் பின்னாலேயே போனார். “தப்பா நெனச்சுட்டேன்டா. அக்காகிட்ட மட்டும் சொல்லிடாத.”

“பையக் கிளறுன அன்னைக்கே சொல்லிட்டேன் அத்தான். ‘என் பீரோவையும் இப்படித்தான் கிளறுவாரு, எனக்குப் பழகிடுச்சு, நீயும் பொறுத்துக்கோ’ன்னா. என்னால முடியல.”