தெருப்பெயர் வாசிப்பவர்

எந்த வீட்டுக்குப் போனாலும் இந்திரகுமார் முதலில் தெருப்பெயர்ப் பலகையை வாய்விட்டு ஒருமுறை வாசிப்பார். பிறகுதான் தன் வான் வண்டியிலிருந்து ஏணியை இறக்குவார். விலைக்கு வரும் வீடுகளில் ஈரம், கறையான், வெடிப்புப் பார்த்துச் சொல்வது அவர் தொழில். பெயருக்குப் பொருள் சொல்வது இலவசம்.

சிட்னியின் நார்த்மீட்டில் குடியேறிய வருடம், 'மீட்' என்றால் மாட்டுக்குப் புல் அறுக்கும் நிலம் என்று தெரிந்துகொண்டார். அன்று பிடித்த பைத்தியம். ஆங்கிலக் குடியானவர்கள் தம் வயல்களுக்கு இட்ட பழைய பெயர்கள் இப்போது நூற்றுக்கணக்கில் மனப்பாடம். நடந்து நடந்து கால் ஓயும் கடைசி வயலை அவர்கள் 'பொட்டனி பே' என்பார்களாம். "எங்கட சிட்னி விரிகுடாவைத்தான் சொல்லியிருக்கிறாங்கள். அவ்வளவு தூரமாம்" என்று சொல்லி, தானே முதலில் சிரிப்பார்.

இந்த வருடத் தொடக்கத்தில் பிளாக்டவுனுக்கு அப்பால் ஒரு வீடு பார்க்கப் போனார். அந்தக் குடியிருப்பில் தெருக்களுக்கெல்லாம் எங்கோ ஓர் ஆங்கில ஊரின் வயற்பெயர்களை அழகுக்காகச் சூட்டியிருந்தார்கள். அழைத்தவர்கள் சென்னையிலிருந்து வந்த ஸ்ரீகாந்தும் மனைவி அக்ஷராவும். நான்கு வீட்டு ஏலங்களில் தோற்றுச் சலித்தவர்கள். தெரு கிளெம்லி அவென்யூ. இந்திரகுமார் அன்று மட்டும் மனதுக்குள் வாசித்தார்.

கூரைக்குள் ஊர்ந்தார், சுவர்களைத் தட்டினார், குளியலறையில் ஈரம் அளந்தார். ஒரு குறையும் இல்லை. முடித்து வெளியே வந்ததும் ஸ்ரீகாந்த், பேர் அழகா இருக்கே, என்ன அர்த்தம் என்று கேட்டுவிட்டான். மழுப்பிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் அவர் வீட்டுத் தரகர் இல்லையே. 'கிளெம்' என்றால் அந்த ஆங்கில ஊர்ப் பக்கத்துப் பேச்சில் பட்டினி. எவ்வளவு எரு போட்டாலும் விளையாத வயலுக்கு வைத்த பெயர் என்று சொன்னார்.

ஸ்ரீகாந்தின் முகம் தொங்கிப் போயிற்று. அப்போ விட்டுடலாம் என்றான்.

இந்திரகுமார் பின்வளவில் குந்தி ஒரு பிடி மண்ணை அள்ளிப் பிசைந்தார். "தம்பி, அது அந்த மனிசன் தன்ர வயலைத் திட்டின திட்டு. இந்த மண் அவனுக்கு ஒண்டும் செய்யேல்ல. வீடு நல்ல வீடு."

அக்ஷரா கணவனைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தாள். "வாங்கிடலாம். இங்க முதல் சாப்பாடு உங்களுக்குத்தான் அங்கிள்."

ஐந்தாவது ஏலம் கைகொடுத்தது. கிரகப்பிரவேசத்தன்று நிஜமாகவே முதல் இலை அவருக்குத்தான். அவியல், வத்தக்குழம்பு, மலைபோல் சோறு. அக்ஷரா மூன்றாம் முறையாகச் சோற்றுக் கரண்டியோடு வந்து நின்றபோது, இந்திரகுமார் இலையை மறிக்கவில்லை. இடக்கையால் பெல்ட்டை ஒரு துளை தளர்த்திவிட்டு, சோற்றில் குழம்புக்குப் பாத்தி கட்டத் தொடங்கினார்.