வராமல்போன களிம்பு

வயலில் இறங்குகிறவனுக்கு இடுப்பில் படர்தாமரை வருவது புதினமில்லை. ஈரச் சாரத்தை இடுப்பில் இறுக்கிக் கட்டியபடி நாள் முழுக்க நிற்கிறோம். எனக்குப் பத்துப் பன்னிரண்டு வருசமாக ஒரு வெள்ளைக் களிம்புதான் கை கொடுத்தது. அதன் இங்கிலிசுப் பெயர் என் வாயில் நுழையாது. முடிந்த குழாயைக் கிளிநொச்சி மருந்துக்கடையில் காட்டினால் அதையே எடுத்துத் தருவார்கள்.

போன வருசம் அப்படிக் காட்டியபோது கடைக்காரர் தலையை ஆட்டினார். கம்பனி அதைச் செய்கிறதையே நிற்பாட்டிவிட்டதாம். கெஞ்சிக் கேட்டதில் வேறொரு குழாயைத் தந்தார்.

மூன்றாம் நாளே கடியும் சொறிச்சலும் இல்லை, சிவப்பும் இல்லை. முருகன் காட்டிய மருந்து என்று கோயிலில் தேங்காய் உடைத்தேன். குழாயைச் சாமிப் படத்துக்கு முன்னாலேயே வைத்தேன். பூசாமல் விட்டால் கடி திரும்ப வரும், பூசினால் அடங்கும். நானும் விடாமல் பூசினேன். சாமி தந்ததில் சந்தேகப்படலாமா?

மாதங்கள் கழிந்து ஒரு வெள்ளிக்கிழமை, மனைவி கோயிலுக்கு வரவில்லை என்றாள். சேலை உடுக்க ஏலாதாம். ஏனென்று திரும்பத் திரும்பக் கேட்டபிறகு கதவைச் சாத்திவிட்டு முதுகைக் காட்டினாள். பாவாடை நாடா இறுக்கும் இடத்தில் தொடங்கித் தோள்மட்டும் வளையம் வளையமாகப் படர்ந்திருந்தது. இடுப்பில் தோல் வெங்காயச் சருகுபோல் மெலிந்து, சிவப்பு வரிகள் ஓடின.

"எப்ப தொடக்கம்?"

"நீங்கள் தேங்காய் உடைச்ச கிழமை. உங்கட மருந்தைத்தான் எடுத்துப் பூசினனான்."

"ஏனப்பா எனக்குச் சொல்லேல்லை?"

"உங்களுக்குச் சுகம் குடுத்த மருந்து எனக்குக் கேக்கேல்லை எண்டா, என்ர விரதத்திலதான் ஏதோ பிழை எண்டு நினைச்சன். அதுதான் இன்னும் கூடப் பூசினன்."

ஆஸ்பத்திரியில் பெண் டொக்டர் ஒருவர் குழாயைத் திருப்பித் திருப்பி வாசித்தார். அதில் ஸ்டீரொயிட்டும் கலந்திருக்கிறதாம்.

"இது சிவப்பை மறைக்கும் ஐயா. கிருமி உள்ளுக்குப் பரவிக்கொண்டே இருக்கும். பூசிப் பூசி நீங்கள்தான் வளர்த்திருக்கிறியள்."

இருவருக்கும் விழுங்கக் குளிசை எழுதினார். படர்தாமரை வருத்தம் மாறும், தோலில் விழுந்த வரிகள் முழுதாய் மறையாது என்றார். நான் மனைவியைப் பார்த்தேன். அவள் அழவில்லை.

"தெரியிற இடத்தில இல்லைத்தானே," என்றாள்.

வீட்டுக்குத் திரும்பும் ஸ்கந்தபுரம் பஸ்சில் அவளுக்குப் பக்கத்தில் இருந்தேன். முருகா என்று வாயெடுத்தேன். அதற்கு மேல் என்ன கேட்பதென்று தெரியவில்லை.