ஹெப்சி பெயரில் ஒரு வரி

கிழக்குத் தாம்பரம் ஹெப்சி பதினோரு வருஷம் பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்தியவள். பிறகு ரேடியல் ரோட்டில் ஒரு மென்பொருள் கம்பெனிக்கு விளக்கக் குறிப்பு எழுத வந்தாள். வெளியூர்ப் புரோகிராமர்கள் அவள் எழுதியதை நம்பித்தான் வேலை பார்ப்பார்கள். ஒரு சொல் பிசகினாலும் அவளுக்குச் சோறு இறங்காது. அப்பேர்ப்பட்டவளையா இந்தப் பாடு படுத்துவது?

ஆஸ்பத்திரிகளுக்குக் கம்பெனி விற்கும் மென்பொருள், நோயாளிகள் பட்டியலைக் கேட்டால் நகல் எடுத்துத் தராது. ரெஃபரன்ஸ் மட்டும் தரும், அதாவது அசல் பட்டியலையே கைகாட்டும். ஒரே பீரோவுக்கு இரண்டு சாவி மாதிரி. எந்தச் சாவியால் திறந்து துடைத்தாலும் காலியாவது அதே பீரோதான். ஹெப்சி இதைத் தெளிவாக எழுதியிருந்தாள்.

"கஸ்டமருக்கு இதெல்லாம் குழப்பம். நகல் கிடைக்கும்னு சிம்பிளா போடுங்க" என்றார் மேனேஜர் ஹரிபிரசாத். மூன்று முறை மறுத்தாள். நாலாவது முறை, "உங்க லாகின்லயே நான் மாத்திடறேன், கொஞ்சம் நகருங்க" என்று அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அந்த ஆபீசில் அது வழக்கம்தான். யார் லாகினில் யார் வேண்டுமானாலும் உட்காருவார்கள். ஹெப்சியும் நகர்ந்துகொண்டாள்.

போன செவ்வாய்க்கிழமை ஒரு டயாலிசிஸ் மையத்துப் புரோகிராமர் அந்த வரியை நம்பி, நகல்தானே என்று பட்டியலை அழித்தார். அசலே போயிற்று. காலையில் வந்த பதினான்கு பேரை, பெயர் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அதில் ஒரு அம்மா மூச்சுத் திணறி இன்னும் ஐசியூவில் கிடக்கிறார்.

ஹரிபிரசாத் குரலைத் தணித்துக்கொண்டு வந்தார். "யார் திருத்தினாங்கங்கற ஹிஸ்டரில உங்க பேர்தான் இருக்கு ஹெப்சி. கவனக்குறைவுன்னு ரிப்போர்ட் குடுத்துடுங்க. வேலைக்கு ஒண்ணும் ஆகாம நான் பாத்துக்கறேன்."

கவனக்குறைவாம், கவனக்குறைவு. ஹெப்சிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அவர் கண்முன்னாலேயே ரிப்போர்ட்டை அடித்தாள்: 'வரியை மாற்றியவர் ஹரிபிரசாத். அது தப்பு என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் எழுந்து இடம் கொடுத்தேன்.'

அவர் முகம் வெளுத்துவிட்டது. "கடைசி ரெண்டு வரி எதுக்கு? உங்க வேலையும் சேந்து போயிடும்."

"அந்த அம்மா பொழைச்சு வந்து கேட்டா, பாதிதான் எழுதினேன்னு சொல்லச் சொல்றீங்களா சார்?" என்று கேட்டபடியே ஹெப்சி அதை அனுப்பினாள்.